துர்கா வீட்டுக் கல்யாணம்

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு அனுபவம் சொல்ல, ஓய்வு பெற்றவர்களைத்தான் அழைப்பார்கள். நான் ஓய்வு பெற இன்னும் வெகு காலம் இருக்கிறது. ஆனாலும் எழுதச் சொன்னதும் ஒப்புக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்குத் தனியாக அலைந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தவள். எனக்குச் சொல்வதற்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

பாடம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சந்தேகப்படுவது எப்படி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த வேலையில் பாதி அதுதான்.

சிதம்பரத்துக்கும் கிள்ளைக்கும் நடுவில் இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணினி ஆசிரியை. நான் சேர்ந்து சில வருடங்கள் கழித்து வரலாறு நடத்த ஒருவர் வந்தார். ராணுவத்தில் இருந்தவர். கார்கில் சண்டைக்குப் போனவர். பட்டாளத்தில் இருக்கும்போதே அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்து, வெளியே வந்தபின் பி.எட். படித்து, முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் ஆசிரியர் ஆனவர். வயதில் என் அப்பாவுக்குத் தம்பி மாதிரி இருப்பார். பணியில் எனக்கு ஜூனியர். பிள்ளைகள் முதல் தலைமை ஆசிரியை வரை எல்லோருக்கும் அவர் மிலிட்டரி சார்.

ஆசிரியர் அறையில் யாருக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். மதிய இடைவேளையில் சாப்பிட்டு முடித்ததும் மதில் ஓரமாகப் பள்ளியை ஒரு சுற்று சுற்றி வருவார். யாருடைய வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இந்த ஆளு யாருக்கோ தகவல் சொல்றாருங்க," என்றார் தமிழாசிரியர். "தபால்ல படிச்சவரு, கோட்டால வந்தவரு. மேல ஆள் இல்லாமயா வருவாரு?"

கோட்டா என்ற சொல்லை அதே அறையில் என் முதுகுக்குப் பின்னாலும் கேட்டிருக்கிறேன். அதனால் நான் சிரிக்கவில்லை. அதற்காக அவரை நம்பினேன் என்றும் இல்லை. அவர் வகுப்பு எப்போதும் அமைதியாக இருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக இருந்தால், உள்ளே பயம் இருக்கிறது என்று பொருள். பக்கத்து அறையிலிருந்து பல நாள் காது கொடுத்துக் கேட்டேன். திட்டும் சத்தமும் இல்லை, அடி விழும் சத்தமும் இல்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஒரு சுதந்திர தினத்தன்று சண்டையைப் பற்றிப் பேசுங்கள் என்று அவரை மேடையேற்றினார்கள். பிள்ளைகள் துப்பாக்கிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர், ஈரமான காலுறையைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் எப்படிக் காயவைப்பது என்பதை நிதானமாக விளக்கிவிட்டு இறங்கிவிட்டார். "இதுக்குத்தான் ரெண்டு மாலை வாங்கினோமா?" என்றார் தமிழாசிரியர். இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அவர்தான் ஒருநாள் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார்.

"மேடம், உங்க கிளாஸ்ல துர்கான்னு ஒரு பொண்ணு. அத கொஞ்சம் பாருங்க."

"ஏன் சார்?"

"கையில மருதாணி. காலுக்குப் புதுக் கொலுசு. போன மாசம் வரைக்கும் வாய் ஓயாது. இப்ப கடைசி பெஞ்சுக்குப் போயி சுவத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கு."

மாணவிகளின் கொலுசைக் கவனிக்கும் ஆண் ஆசிரியர்களை நான் வேறு விதமாகச் சந்தேகப்படுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தப்பில்லை. துர்காவைப் பார்ப்பதற்கு முன்னால் சில நாட்கள் அவரைத்தான் பார்த்தேன். அவர் மாணவர்களின் செருப்பையும் அதே மாதிரி பார்த்தார், காவலாளி கையிலிருந்த தூக்குச்சட்டியையும் அதே மாதிரி பார்த்தார் என்று தெரிந்த பிறகே துர்காவைக் கூப்பிட்டேன்.

துர்கா கிள்ளைப் பெண். வாயாடி. வாரத்தில் ஒருநாள் தாமதமாக வருவாள், ஒருநாள் வரவே மாட்டாள். அவளைத் திட்டாத ஆசிரியர் இல்லை. மிலிட்டரி சாரும் நானும் அவளை ஆய்வகத்தில் நிற்கவைத்துக் கேட்டோம்.

"இது என்ன மருதாணி?"

"எங்க வூட்டுல கல்யாணம் மேடம்."

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

"பொய் சொல்றியா?"

"சத்தியமா மேடம். எங்க அப்பாக்குப் போன் போட்டுக் கேளுங்க."

போட்டேன். அப்பா எடுத்த எடுப்பிலேயே கத்தினார். "எம்மவனுக்குக் கல்யாணம் பண்றதுக்கு ஒங்ககிட்ட பர்மிசன் வாங்கணுமா டீச்சர்? நீங்க இன்னா போலீசா?"

துர்காவை அனுப்பிவிட்டு நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அண்ணன் கல்யாணம்னா தங்கச்சி குதிக்கணும் மேடம்," என்றார். "இது மூஞ்சி செத்துக் கெடக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் பக்கம் இது புதிதல்ல. அண்ணன் கல்யாணம், அத்தை வீட்டுக் காதுகுத்து என்று சொல்லிவிட்டுப் போகும் பெண், தாலியோடு கடைத்தெருவில் எதிர்ப்படுவாள். அதற்குள் நம்மைப் பார்த்துச் சிரிக்கக்கூடக் கூச்சப்படுவாள். என்னோடு எட்டாவது படித்த பெண்களில் பாதிப் பேரை நான் அப்படித்தான் பார்த்தேன். ஆகவே துர்காவுக்குத்தான் கல்யாணம் என்று இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டோம். சந்தேகம் முடிவாக மாறிவிட்டால் அதோடு கேள்வி நின்றுபோகும். அப்போது இது எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் துர்கா பள்ளிக்கு வருவது நின்றது. வியாழக்கிழமை காலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பவித்ராவின் அம்மா பேசினார். "பவித்ராவுக்கு ஜுரம் டீச்சர், இன்னிக்கு வரமாட்டா." பவித்ரா பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். முதல் பெஞ்சு. என் வகுப்பில் விடுப்பே எடுக்காத ஒரே மாணவி அவள்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருகைப் பதிவை முடித்தேன்.

முதல் பாடவேளையில் ஒரு பெண் எழுந்து சொன்னாள். "மேடம், இன்னிக்குத்தான் துர்கா வூட்டுக் கல்யாணம். திருவந்திபுரத்துல. பத்தரைக்கு மேல முகூர்த்தம்."

திருவந்திபுரம் கடலூரைத் தாண்டி இருக்கிறது. முகூர்த்த நாளில் அங்கே மலையிலும் அடிவாரத்திலும் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்து துர்காவின் பெயர், வயது, அப்பா பெயர் எல்லாம் சொன்னேன். கடலூரிலிருந்து ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். தலைமை ஆசிரியை, "ரெண்டு பேரையும் அனுப்பிச்சா கிளாஸ யாரு பாக்கறது? நாளைக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியாதும்மா," என்றார். போகாதே என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டு நான் வெளியே வந்தேன்.

மிலிட்டரி சார் வண்டியை எடுத்துவிட்டுத் தயங்கினார். "பட்டாளத்துல இதுக்கெல்லாம் ஆர்டர் வரும் மேடம். இங்க யாரு குடுக்கறது?"

"நான்தான சார் சீனியர். நான் சொல்றேன், எடுங்க."

அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். புதுச்சத்திரம் தாண்டும்போது, இதைப் பார்த்தவர்கள் சாயங்காலம் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். ஆலப்பாக்கம் வந்தபோது அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

மலையடிவாரத்தில் மண்டபத்துக்கு மண்டபம் வாழைமரம் கட்டியிருந்தது. ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே போனோம். துர்காவின் அண்ணன் பெயரைப் போட்ட பலகை ஒரு சின்ன மண்டபத்தின் வாசலில் இருந்தது. மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பூச்சரம் தொங்கியது. உள்ளே நுழைந்ததும் முதலில் எதிரே வந்தவள் துர்கா. தாவணி கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். கழுத்தில் மாலை இல்லை.

"வாங்க மேடம். வாங்க சார்," என்றாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். துர்காவின் ஜாடை அப்படியே இருந்தது. அண்ணனுக்குத்தான் கல்யாணம். அவள் சொன்னது உண்மை.

அந்த நேரத்து நிம்மதியைச் சொல்லி முடியாது. மிலிட்டரி சார் பெருமூச்சு விட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துர்காவின் அப்பா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா டீச்சர், எம்பொண்ணத் தேடிக்கினு இங்க வரைக்கும் வந்துட்டீங்களா? பாத்தாச்சா? போதுமா?"

"மன்னிச்சுக்குங்க," என்றார் மிலிட்டரி சார். "தப்பா நெனச்சுட்டோம்."

துர்காவின் அப்பா குரல் இறங்கியது. "சரி வுடுங்க. வந்தது வந்துட்டீங்க, சாப்ட்டுப் போங்க. பந்தி போட்டாச்சு."

நாங்கள் பந்திக்குப் போகும் பக்கம் திரும்பினோம். உண்மையாகவே திரும்பினோம். அப்போது துர்கா சந்தனக் கிண்ணத்தை எங்களுக்குக் குறுக்கே நீட்டினாள்.

"பொண்ணப் பாக்காமயே போறீங்களா சார்?"

கேட்டுவிட்டு அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மணமகள் அறைக் கதவைப் பார்த்தாள். கதவு திறந்தது. கூரைப்புடவையில், நெற்றிச்சுட்டியோடு, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்துவர, பவித்ரா வந்தாள்.

துர்காவின் அண்ணன் பவித்ராவுக்கு அத்தை மகன். முறை மாப்பிள்ளை. இரண்டு பெண்களும் சொந்தக்காரர்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. முதலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், பிறகு ஒருத்தி கடைசி பெஞ்சுக்குப் போனாள். பெண்பிள்ளைகளின் சண்டை என்று விட்டுவிட்டோம். மருதாணியைக் கேட்டோம், கொலுசைக் கேட்டோம், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டோம். "அண்ணனுக்கு" என்றாள். பெண் யார் என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மிலிட்டரி சார் மணவறையை நோக்கி ஓர் அடி வைத்தார். அவர் தோள் விறைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு ஆண் மேடையேறினால் நாலு பேர் சட்டையைப் பிடிப்பார்கள், அந்தச் சண்டைக்கு நடுவிலேயே தாலி கட்டி முடித்துவிடுவார்கள்.

"நீங்க ஏறாதீங்க சார்," என்றேன்.

"அப்ப?"

"நான் போறேன். நீங்க வேற எதாவது பண்ணுங்க."

என்ன பண்ண வேண்டும் என்று எனக்கே தெரியாது. ஆனால் கல்யாண வீட்டில் மேடையேறும் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. புகைப்படக்காரர் என்னை வாழ்த்த வந்தவள் என்றே நினைத்து, "கிட்ட நில்லுங்க மேடம், சிரிங்க," என்றார். நான் பவித்ராவின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் படம் எடுத்தார். நான் இறங்கவில்லை. மணை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பவித்ராவின் அம்மா குனிந்து காதோடு சொன்னார். "டீச்சர், நல்ல நேரம் போவுது. எறங்குங்க."

"பவித்ராவுக்கு ஜுரம்னு காலையில சொன்னீங்களே. தேறிடுச்சா?"

அவர் முகம் வெளுத்தது. "இது பெரியவ டீச்சர். சின்னவ வூட்டுல படுத்திருக்கா. ரெண்டும் ஒரே ஜாடை." பிறகு பவித்ராவின் முழங்கையைக் கிள்ளினார். "சொல்லுடி."

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் பெயரைச் சொன்னாள். என் மாணவி, என் முகத்துக்கு நேரே, தான் வேறு ஆள் என்றாள். ஐயர் தாலித் தட்டை எடுத்துவிட்டார். கட்டுவதற்குக் கெட்டிமேளம் கேட்டுக் கையை உயர்த்தினார்.

மேளம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மிலிட்டரி சார் மேளக்காரர்களின் நடுவில், ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தவில்காரரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெண் பதினோராவது படிக்கிறது, கெட்டிமேளம் கொட்டினால் இந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தவர்களில் நீங்களும் ஒருவர், கடலூரிலிருந்து வண்டி வந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். தவில்காரர் விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டார்.

"அடிங்கய்யா," என்று யாரோ கத்தினார்கள்.

"நமக்கு எதுக்குங்க வம்பு," என்றார் தவில்காரர். "அடுத்த முகூர்த்தம் பண்ருட்டில இருக்கு."

மேளம் இல்லாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. சத்தம் நின்ற பிறகுதான் மண்டபம் முழுவதும் எங்களைப் பார்த்தது. ஐயர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அதற்கப்புறம் கேட்ட பேச்சுகளை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய ஒன்றிரண்டு உண்டு. "மிலிட்டரின்னா வீரத்த பார்டர்ல காட்டுய்யா, கல்யாண வூட்டுல இன்னாத்துக்குக் காட்ற?" என்றார் பவித்ராவின் அப்பா. என்னைப் பார்த்து, "நீ படிச்சு இன்னா கிழிச்ச? யாராவது கட்டிக்கினானா?" என்றார் ஒரு பெரியவர். நான் கிழித்தது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் மணையை விட்டு நகரவில்லை. மிலிட்டரி சாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவர் சாய்ந்து, மறுபடியும் நிமிர்ந்து, அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரிகள் வந்து சேர்ந்தார்கள். பெண் காவலர் உள்ளே நுழைந்ததும், "துர்கா யாரு?" என்றார். நாங்கள் கொடுத்த பெயர் அதுதானே.

"நான்தான்," என்று துர்கா கையைத் தூக்கினாள். "ஆனா கல்யாணம் எனக்கு இல்ல. தோ, அவளுக்கு. அவ பவித்ரா. அவ அக்கா இல்ல, அவதான்." சொந்த அப்பா பக்கத்தில் நிற்கும்போது, சொந்த அண்ணன் மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது, அதைச் சொன்னாள்.

நடைமுறைகளை எல்லாம் விட்டுவிடுகிறேன். உங்களுக்குச் சுற்றறிக்கையில் வரும். கல்யாணம் நின்றது. பவித்ராவைக் கடலூரில் ஒரு இல்லத்தில் சில நாள் வைத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது கெடிலம் ஆற்றுப் பாலத்தில் மிலிட்டரி சார் வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்ட்டுட்டு வந்திருப்போம் மேடம்," என்றார். "அந்தப் பொண்ணு குறுக்க நிக்கலன்னா, பாயசம் வரைக்கும் சாப்ட்டுட்டு வந்திருப்போம்."

"ஆமா சார்."

"அங்க கார்கில் மலை மேலயும் அப்படித்தான். சண்டையில செத்துப் போனவங்கள விட, ஏரியா க்ளியர்னு சொல்லிட்டு எறங்கும்போது போனவங்க எங்க கம்பெனில ஜாஸ்தி." அவர் சண்டையைப் பற்றி என்னிடம் சொன்னது அந்த ஒரே முறைதான்.

பள்ளியில் யாரும் எங்களைப் பாராட்டவில்லை. பவித்ராவின் உறவுக்காரர்கள் அவர்மேல் மனு கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் கொலுசைப் பார்த்தார் என்பதும் அதில் இருந்தது. விசாரணைக்கு நான் போய், முதலில் அதைச் சந்தேகப்பட்டவள் நான்தான், பார்த்துத்தான் அவர்மேல் தப்பில்லை என்ற முடிவுக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தமிழாசிரியர் இப்போதும், "எதுக்கும்மா ஒனக்கு இந்த வேலை?" என்கிறார். துர்காவை அவள் அப்பா சில வாரம் பள்ளிக்கு அனுப்பவில்லை. அண்ணன்தான் வண்டியில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் போனார். அவள் மறுபடியும் தாமதமாக வர ஆரம்பித்தாள். மறுபடியும் திட்டு வாங்கினாள்.

பவித்ரா வந்தது ஒரு திங்கட்கிழமை. அதே முதல் பெஞ்சு. இடைவேளை மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவளை நிறுத்தினேன். மிலிட்டரி சார் அடுத்த வகுப்புக்காக வாசலில் காத்திருந்தார்.

"ஏம்மா, எங்க ரெண்டு பேருல ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தெனமும் வந்தியே."

அவள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். என்னிடம் கோபமா, நன்றியா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

"கேப்பீங்கன்னுதான் மேடம் தெனமும் வந்தேன்," என்றாள். "துர்கா வரலன்னா அவ எங்கன்னு கேட்டீங்க. நான் வந்ததால என்னைக் கேக்கல. என் பேரக் கூப்புட்டுட்டு, நிமிந்துகூடப் பாக்காம அடுத்த பேருக்குப் போயிடுவீங்க."

மிலிட்டரி சார் வாசலிலிருந்து உள்ளே வரவில்லை. ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார். பவித்ரா எங்கள் இருவரையும் தாண்டி, குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனாள்.

எங்கள் இருவரின் வகுப்பிலும் இப்போது வருகைப் பதிவுக்கு அதிக நேரம் ஆகிறது, பாடம் பின்தங்குகிறது என்று தலைமை ஆசிரியைக்குக் குறை உண்டு. நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்தால் அதை உங்களிடமும் சொல்வார். நம்புங்கள். அது உண்மைதான்.